சிவப்புப் பெயிண்ட் அக்கா

குனிந்தபடியே நடந்து வருகிறார். ஒரு கையில் டார்ச், மறு கையில் பிரஷ், பெல்ட்டில் தொங்கும் சிவப்புப் பெயிண்ட் டப்பா. ஆறிக் கிடக்கும் பில்லெட்டுகளின் மூலைகளில் வெளிச்சத்தைச் சாய்த்து அடிக்கிறார். உருக்கிய எஃகை வார்த்தெடுத்த சதுரமான நீளத் துண்டுதான் பில்லெட். இன்னும் கம்பியாகாத எஃகு. அதில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் நாளைக்குக் கம்பி பிளந்துகொள்ளும். "இங்க பாருங்க, சிரிக்குது" என்று சொல்லி அக்கா ஒரு பெருக்கல் குறி போடுவார். அந்தத் துண்டு திரும்ப உலைக்குப் போகவேண்டியதுதான்.

சரக்கு ஏற்ற லாரியோடு காத்துக் கிடக்கும் எனக்கு அந்தச் சிவப்பைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"அக்கா, கொஞ்சம் கண்ணை மூடிக்கக் கூடாதா?"

"மூடிக்கிறேன் தம்பி, வீட்டுக்குப் போய்த் தூங்குறப்போ."

கடையில் கத்தரிக்காயை இவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் கடைக்காரருக்கே தன் காய்மேல் சந்தேகம் வந்துவிடுமாம். சொன்னவர் அக்காவின் கணவர். அந்த பில்லெட்டுகளை வார்ப்பவரும் அவர்தான். "கல்யாணம் பேச வந்தப்பவே என்னை மேலும் கீழும் பாத்தா. டார்ச் மட்டுந்தான் அடிக்கல" என்பார். வார்ப்பும் சோதனையும் ஒரே வீட்டில் குடியிருந்தால் கேட்கவா வேண்டும்! "இன்னைக்கும் வார்ப்பை வேகமா இழுத்து வெடிக்க விட்டுட்டீங்களா?" என்று இவர் ஆரம்பிப்பார். "நீ பாலைப் பொங்க விட்டதே இல்லையா?" என்று அவர் முடிப்பார்.

அன்று மட்டும் அக்காவின் நடையில் சுறுசுறுப்பு இல்லை. கணவருக்கு ஃபோர்மேன் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இந்த வார்ப்பில் ஒரு துண்டுகூடக் கழியக் கூடாது என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். வரிசை வரிசையாகத் தாண்டி, கடைசி வரிசையில் டார்ச் நின்றது. நகரவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் லாரியை மறந்துவிட்டேன்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "லேசாத் தேய்ச்சு விட்டா சரியாயிடும்மா. விடுங்க."

டப்பாவுக்குள் போன பிரஷ் வெளியே வரவில்லை. "என்னங்க..." என்றார் அக்கா. வேலையிடத்தில் கணவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெடிப்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தார். நகம் உள்ளே மாட்டிக்கொண்டது.

"ஆழமாத்தான் இருக்கு" என்றார். பிரஷை வாங்கி, தான் வார்த்த பில்லெட்டில் தானே பெருக்கல் குறி போட்டார்.

அக்கா குனிந்து, நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கணவரின் நெற்றி வியர்வையைத் தன் சட்டைக் கையால் ஒற்றி எடுத்தார்.