சம்பந்தி கேட்ட அரண்மனை

"எங்க உறையூர்தான் சோழர் தலைநகரம், வாங்க, சுத்திக் காட்டுறேன்" என்று, அஞ்சாவதோடு நின்ற நான், சென்னைத் தமிழ் வாத்தியாரான சம்பந்தியிடம் போனில் பீற்றிக்கொண்டேன்.

இன்று பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "அரண்மனை எங்கங்க?" என்றார்.

"மண்மாரியில மூடிப்போச்சு சம்பந்தி. ஊரே வீடில்லாம நின்னுச்சாம். எல்லாருக்கும் வீடு கிடைச்சப்புறம்தான் எனக்குக் கூரைன்னு எங்க அம்மன் சொல்லிட்டா."

வெக்காளியம்மன் சன்னதியில் மேலே வெறும் வானம். மனுஷன் வெயிலில் அசையாமல் நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை!

வேண்டுதலைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டினோம். "இவர் இனி அரண்மனையைக் கேட்கக் கூடாது தாயே" என்று எழுதினேன்.

"நீங்க என்ன எழுதினீங்க சம்பந்தி?"

"அரண்மனையைக் கண்ணுல காட்டுன்னுதாங்க!"

உறையூர்க்காரர்களே, உங்கள் வீட்டுக்கு அடியில் இருந்தால் உடனே சொல்லுங்கள். ஞாயிறு வரை இங்கேதான் இருக்கிறார்.