அண்ணனைப் பார்க்க வாங்கிய பெரிய டீவி

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். பேனையை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், அடுப்பில் சோறு பொங்குகிறதென்று எழும்பிப் போனால் திரும்ப வந்து உட்கார மனம் வராது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பிழை வந்துவிடுமோ என்று ஒரு பயம். செத்துப்போனவர்களின் கதையை நாலு பேர் முன்னால் வைப்பது பாவமோ என்று இன்னொரு பயம். போன வெள்ளிக்கிழமை காளி கோவிலில் விளக்கேற்றிவிட்டு அம்மாளின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். வேண்டாம் என்று அவள் சொன்னதாக எனக்குப் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது சண்டைக்காலம், நாங்கள் திருகோணமலைப் பக்கம் பாலையூற்றில் இருந்தோம். இறக்கக்கண்டியில் இருந்து மீன் பெட்டிகளை ஏற்றிவந்து திருகோணமலைச் சந்தையில் இறக்குவது அப்பாவின் தொழில். லொறி சொந்த லொறி. அண்ணன் எனக்கு மிகவும் மூத்தவர். சீனன்குடாப் பக்கம் மேசன் வேலைக்குச் சைக்கிளில் போனவர் ஒருநாள் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. ஆமிக் காம்ப், பொலிஸ் என்று அப்பா ஏறாத வாசல் இல்லை. சில இடங்களில் கதிரை போட்டு இருத்திக்கூடக் கதைத்தார்கள். பிறகு தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. அண்ணன் என்றால் எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம், சைக்கிள் பாரில் என்னை ஏற்றிப் போகும்போது பின்கழுத்தில் படும் அவருடைய மூச்சுத்தான்.

அன்றிலிருந்து அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு எங்கேயும் போனதில்லை. கலியாணவீடு, செத்தவீடு, கோவில் தேர், எதற்கும் இல்லை. பிள்ளை வருகிற நேரம் கதவு பூட்டிக் கிடந்தால் திரும்பிப் போய்விடும் என்பது அவருடைய பயம்.

நாலைந்து வருடம் இப்படியே போனது. பிறகு சமாதானம் என்று சொல்லிப் பாதைகள் திறந்தார்கள். அந்த நாட்களில்தான் லண்டனில் இருந்த மாமி, அப்பாவின் தங்கை, தன் மகளின் கலியாண வீடியோ கசெட்டை ஆள் மூலம் அனுப்பினார். எங்கள் பக்கத்தில் அது வழக்கமாகிவிட்டிருந்தது. போக முடியாத கலியாணத்தை வீட்டில் இருந்து பார்ப்போம். அம்மா அதற்கும் முழுகி, நல்ல சீலை உடுத்தி, பாய் விரித்து இருந்தார். தாலி கட்டுகிற நேரம் எழும்பி நின்று, மணமக்களை வாழ்த்தித் தூவும் அறுகரிசியை டீவியின் மேலும் கசெட் போடும் டெக்கின் மேலும் தூவினார்.

பாயில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, மெல்ல! டெக்குக்குள்ள அரிசி போனா மாப்பிள்ளைக்கு விக்கல் எடுக்கப்போகுது."

அம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. அடுத்தது பந்தி. கையில் வடைத்தட்டோடு ஒரு பொடியன் தூணுக்குப் பின்னால் இருந்து வந்து, கமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவ்வளவுதான்.

"என்ர பிள்ளை!" என்று அம்மா கத்தினார். "அந்த நடையைப் பாருங்கோ. ஐயோ, அது என்ர பிள்ளை!"

திருப்பித் திருப்பிப் போட்டோம். எங்கள் டீவி சின்னது. அதில் அந்த முகம் புளியங்கொட்டை அளவுகூட இல்லை. படத்தை நிறுத்தினால் நடுங்கியது. அம்மா கண்ணாடியில் மூக்கு முட்டக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"அக்கா, உப்பிடி நடக்கிற பொடியங்கள் உலகத்தில எத்தினை பேர்..." என்று மாமா தொடங்கினார்.

"நீ வாயை மூடு. பெத்தவளுக்குத் தெரியும்."

மறுநாள் அப்பா திருகோணமலை ரவுணுக்குப் போய், காசு கட்டி ரெலிபோன் கதைக்கிற கடையில் இருந்து லண்டனுக்கு எடுத்தார். திரும்பி வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்தார். அம்மா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

"தங்கச்சிக்குத் தெரியாதாம். சமையல்காரர் கூட்டிவந்த பொடியனாம். விசாரிக்கிறாளாம்."

"விசாரிக்கட்டும். அதுக்கு முதல் நான் ஒருக்கா வடிவாப் பாக்கோணும். பெரிய டீவி ஒண்டு எடுங்கோவன்."

அண்ணன் போன பிறகு அம்மா தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அப்பா ஓம் என்றார்.

துறைமுகத்துக்குப் போகிற வீதியில் கிண்ணியாக்காரர் ஒருவரின் கடை இருந்தது. கப்பலில் வந்த பாவித்த சாமான்கள் அங்கே விற்பார்கள். அப்பா அவரை முஸ்லிம் ஆட்கள் சொல்கிற மாதிரி நானா என்று கூப்பிடுவார், அவர் அப்பாவை அண்ணன் என்பார், இரண்டும் ஒன்றுதான். யார் மூத்தவர் என்று இருவருக்குமே தெரியாது. கசெட்டை என் மடியில் வைத்துக்கொண்டு நானும் லொறியில் போனேன். அம்மா வழக்கம்போல வீட்டில் நின்றார்.

கடையில் பெரியது என்று சொல்ல இரண்டு இருந்தன. ஒன்று சாதாரண டீவி, எங்களுடையதைப் போல இரண்டு மடங்கு. மற்றது அலுமாரி மாதிரி நிலத்தில் நின்றது. என்னைவிட உயரம். நான் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ஆள் இருக்கலாம்போல இருக்கிறது என்றேன். நானா சிரித்தார்.

"இது பின்னுக்கு இருந்து வெளிச்சம் அடிக்கிற சாதி, மகள். உள்ளுக்கு மூணு விளக்கு, பெரிய கண்ணாடி ஒண்டு. படம் அதில பட்டுத்தான் முன்னுக்கு வருது."

முதலில் சாதாரண டீவியில் கசெட்டைப் போட்டார். அப்பா எனக்குப் பக்கத்தில் நின்றார். பந்தி வந்தது, தூண் வந்தது, பொடியன் வந்தான். நானா படத்தை நிறுத்தினார். அவருடைய டெக் நல்ல டெக், படம் நடுங்கவில்லை. பரந்த மூக்கு, தடித்த உதடு, மேல் பல்லில் ஓர் இடைவெளி. சாமித் தட்டில் வைத்திருந்த அண்ணனின் படத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபம் டீவியின் மேல்.

"அப்பா, இது அண்ணனை வேற ஆளாக் காட்டுது," என்றேன்.

அப்பாவின் கை என் தலையில் வந்து இருந்தது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"ஓம் பிள்ளை. இது பிழையான டீவி."

பிறகு பெரியதில் போட்டார்கள். அதே பொடியன், அதே தட்டு. முகம் சுளகு அளவு வந்தது. ஆனால் சிவப்பு ஒரு பக்கம் விலகி, பச்சை ஒரு பக்கம் விலகி, கண் இருக்கிற இடத்தில் நிழல், வாய் இருக்கிற இடத்தில் நிழல். தண்ணீருக்குள் இருந்து யாரோ பார்க்கிற மாதிரி.

நானா தலையைச் சொறிந்தார். "அண்ணன், நான் யாவாரி. பெரிசை உங்கட தலையில கட்டத்தான் பாக்கோணும். ஆனா அல்லாவுக்குப் பொதுவாச் சொல்றன், கசெட் பாக்க இது சரிவராது. பெரிசாகப் பெரிசாக முகம் உடையும். பக்கத்தில இருந்து பாத்தா இருட்டு வேற. மத்ததை எடுங்க."

"எனக்கு இதுதான் வேணும், நானா."

"நீங்க என்ன கதை கதைக்கிறீங்க? ஆளை அடையாளம் பாக்கத்தானே தேடி வந்தீங்க?"

அப்பா காசை எடுத்து எண்ணத் தொடங்கினார். நானா அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சீலைத் துண்டை எடுத்து, தன் கையாலேயே அந்தப் பெரிய திரையை மேலிருந்து கீழ் வரைக்கும் துடைத்துக் கொடுத்தார்.

வீட்டு வாசலால் அது போகவில்லை. மாமா கதவு நிலையைக் கழற்றினார். "டீவி எடுக்கச் சொன்னா அத்தான் பஸ் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்," என்று முணுமுணுத்தார். அதை வைக்கக்கூடிய சுவர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, சாமிப் படங்கள் மாட்டியிருந்த சுவர். படங்களைச் சமைக்கிற குசினிப் பக்கம் மாற்றுங்கள் என்று சொன்னது அம்மா. ஒரு நாள் விளக்கு வைக்கத் தவறாத அம்மா.

அம்மா நேர் நடுவில் இருந்தார். முகம் வந்தது. நான் பக்கத்தில் இருந்தேன், எனக்கு இருட்டாகத்தான் தெரிந்தது.

"பாத்தீங்களா, அந்த நாடி? என்ர அப்பாட நாடி. கண் அப்பிடியே கிடக்கு. மெலிஞ்சு போனான். ஆர் சமைச்சுக் குடுக்கினமோ."

அப்பா "ஓம்" என்றார். மாமா எழும்பி வெளியே போனார்.

ஒரு மாதம் போயிருக்கும். பின்வளவில் ஒரு அக்கா இருந்தார். அவருடைய மகனும் அண்ணனைப் போலத்தான், போனவன் வரவில்லை. வந்து பாயின் ஓரத்தில் இருந்து கசெட்டைப் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல நடுவுக்கு நகர்ந்தார்.

"அக்கா, கோவிக்காதீங்கோ. இது என்ர பிள்ளை மாதிரிக் கிடக்கு."

அம்மா சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழும்பி ஒதுங்கி, நடு இடத்தை அந்த அக்காவுக்குக் கொடுத்தார்.

"இதில இருந்து பார். இதில இருந்தாத்தான் தெரியும்."

இரண்டு பேரும் மாறி மாறி இருந்து, அந்தக் கண் இல்லாத முகத்தைப் பார்த்து அழுதார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு கதவடியில் நின்றார். பிறகு போய் லொறிக்குள் ஏறி இருந்தார். லொறியை எடுக்கவில்லை. நான் கூப்பிட்டும் இறங்கவில்லை.

அந்தக் கசெட் தேய்ந்தது. பொடியன் வருகிற இடத்தில் முதலில் கோடு விழுந்தது, பிறகு மழை, பிறகு வெறும் வெள்ளை. அம்மா அந்த வெள்ளையையும் பார்த்தார். நோயில் விழுந்து பாயோடு கிடந்தபோதும் டீவிப் பக்கம்தான் தலை. கதவைப் பூட்ட விடவில்லை. அப்படியே கண்ணை மூடினார். லண்டனில் இருந்து விசாரணை முடிந்து பதில் வந்ததா என்று அவர் அப்பாவிடம் கடைசிவரை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோணேசப் பெருமானுக்குத்தான் தெரியும்.

அப்பாவின் செத்தவீட்டுக்கு அவருடைய தங்கை, அந்த மாமி, லண்டனில் இருந்து வந்தார். இறங்கினவர் அந்தப் பழுதாய்ப்போன பெரிய டீவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதையேன் அண்ணா வாங்கினவர்? அந்தப் பொடியன் ஆரோ புத்தளத்துப் பிள்ளை எண்டு நான் ரெலிபோனில அண்டைக்கே சொன்னனான். தாய் தகப்பன் பேரும் சொன்னனான். 'சரி, இதை ஒருத்தரிட்டயும் சொல்லாத' எண்டு சொல்லிப்போட்டு ரெலிபோனை வைச்சவர்."

நான் குசினிக்குள் போய் நின்றேன்.

அண்ணனை நல்லாகப் பார்க்கத்தான் அப்பா பெரிய டீவி வாங்கினார் என்று அந்த வயதில் நான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். கடையில் என் தலைமேல் இருந்த அந்தக் கை ஏன் அவ்வளவு பாரமாக இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. பிள்ளை இல்லை என்பதை அந்த மனிசன் தனியாகச் சுமந்துகொண்டு, மனிசிக்கு மட்டும் தெரியாமல் இருக்க ஒரு பெட்டியைத் தேடிப் பிடித்தார் என்று நினைக்கக்கூடிய வயது இல்லை அது.

இதை வாசிக்கிறவர்கள் விரும்பினால் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு மனம் பொறுக்காது. என் அண்ணனை மாமா என்று சொல்லும் என் பிள்ளைகள்கூட, "பிறகு மாமா வந்தவர் தானே அம்மா?" என்று கேட்டார்கள். அவர்களுக்காக இரங்கி, கடைசியில் பிள்ளை வந்து சேர்ந்தது என்று யாரும் முடித்துவிட வேண்டாம்.

அண்ணன் வரவில்லை.