அக்கா அழித்த வரிகள்

நம்பினால் நம்புங்கள். இது என் அக்காவுக்கு நடந்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னாலும் அடுத்த நிமிடமே உளறிக் கொட்டிவிடுவாள்.

மனநல மருத்துவமனையில் அவள் நர்ஸ். வருபவர்களிடம் முதலில் பேசுவது அவள்தான். பேசுவதைக் கம்ப்யூட்டர் தானே எழுதிக்கொள்ளும். பேசாவிட்டால் அதையும் எழுதும்: ‘மௌனம், 9 விநாடி.’ அக்கா பிழை திருத்திக் கொடுத்ததும் செயற்கை நுண்ணறிவு படித்துப் பார்த்து, என்ன நோய், எவ்வளவு அவசரம் என்று டாக்டருக்குச் சொல்லும்.

ஒரு பக்கத்தைத் தாண்டினால் டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால் அக்கா மௌன வரிகளை அழித்துவிடுவாள். யாரும் பேசாததை எதற்குப் படிக்க வேண்டும்?

ஒருநாள் வந்த தையல்கார அம்மாவின் பேச்சும் அப்படித்தான் ஒரு பக்கத்தில் அடங்கியது. ‘லேசான மனக்கவலை. அவசரமில்லை’ என்றது இயந்திரம். மூன்று வாரம் கழித்து, செவ்வாய் பிற்பகல் 3.10க்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் செவ்வாய். மணி 3.10. அந்த அம்மா வரவில்லை. எதிர் நாற்காலி காலி. கதவு சாத்தியே இருந்தது.

டிக்... பதிவு விளக்கு தானாக எரிந்தது.

‘நோயாளி: மௌனம், 9 விநாடி.’

“யாரு?” என்றாள் அக்கா.

‘நர்ஸ்: யாரு?’

‘நோயாளி: மௌனம், 14 விநாடி.’

‘மௌனம், 31 விநாடி.’

அக்கா திரையை உற்றுப் பார்த்தாள். 9... 14... 31... எல்லாம் அவள் அழித்த எண்கள். “வீட்டுல தனியா இருக்கறப்ப என்னம்மா தோணும்?” என்று கேட்டதற்கு வந்த மௌனம்தான் அந்த முப்பத்தொன்று.

மணி 3.12. இன்னொரு வரி.

‘மௌனம், 12,09,600 விநாடி.’

அதன் கீழே...

‘கடும் மனச்சோர்வு. தனியே விடக் கூடாது. இன்றே சேர்க்கவும்.’

அக்கா உடனே அந்த அம்மாவின் எண்ணுக்குப் போன் போட்டாள். மகள் எடுத்தாள்.

“அம்மா இருக்காங்களா?”

“அம்மா போய் இன்னியோட ரெண்டு வாரம் ஆச்சு சிஸ்டர். என்கிட்ட போன்ல பேசிட்டு வச்சாங்க. மூணு பன்னெண்டு... அதோட சரி.”

மகளே தொடர்ந்தாள்.

“சிஸ்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்னு சொன்னாங்களே... நீங்க பயமில்லன்னு சொன்னதாலதான் நானும் தனியா விட்டுட்டு வேலைக்குப் போனேன்.”

அக்கா அன்று வீட்டுக்கு வந்து அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பெரிய எண்ணை மட்டும் இயந்திரக் கோளாறு என்று நினைத்திருக்கிறாள். நான்தான் காகிதத்தில் வகுத்துப் பார்த்தேன். சரியாகப் பதினான்கு நாள். ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.