ஒன்று விட்டு ஒன்றாக நின்ற பெயர்கள்

சென்னை எம்.கே.பி. நகரில் எங்கள் தெருமுனை கேரம் கிளப்பில் பெண்களுக்கான போட்டி நடந்தது. நான் இணையதளங்களுக்கு நிரல் எழுதுகிறவள் என்பதால், ஆட்டக்காரர்களின் பெயர்களை டிவியில் காட்ட ஒரு சின்ன வெப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். சுற்று முடிந்ததும் செயலாளர் ‘கிளியர்’ பொத்தானை அழுத்துவார். எல்லாப் பெயரும் போனபின் ஜெயித்தவர்களை மட்டும் ஏற்றுவார்.

முதல் சுற்று முடிந்ததும் அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரையில் பாதிப் பெயர்கள் அப்படியே நின்றன. அதுதான் அடுத்த சுற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் ஓர் அக்கா, கொஞ்சம் முன்புதான் ஒரு கல்லூரிப் பெண்ணிடம் தோற்றிருந்தார். அவர் பெயர் திரையில் இருந்தது. ஜெயித்தவள் பெயர் இல்லை. அக்கா போர்டின் முன் உட்கார்ந்து பவுடர் தூவத் தொடங்கினார். அந்தப் பெண் நியாயம் கேட்டாள். திரும்பி வந்த செயலாளரும் எழுந்துகொள்ளச் சொன்னார்.

“டிவிலயே என் பேர் கீது. நான் இன்னாத்துக்கு எய்ந்துக்கணும்?” என்றார் அக்கா.

எனக்குச் சண்டையில் கவனம் போகவில்லை. நின்றிருந்தவை இரண்டாவது, நான்காவது, ஆறாவது பெயர்கள். ஏன் இப்படி? வீட்டில் ஒரே ஒரு பெயரைப் போட்டுச் சோதித்தபோது ஒழுங்காகத்தான் அழிந்தது.

அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து காய்களை வரிசையாக வைத்தேன். நிரல் செய்வதையே கையால் செய்தேன். முதல் இடத்துக் காயை எடுத்தேன். மற்றவை ஓர் இடம் முன்னே நகர்ந்தன. அடுத்து இரண்டாம் இடத்துக்குப் போனேன். அங்கே இருந்தது பழைய மூன்றாவது காய். அதை எடுத்தேன். இரண்டாவது காய், நான் கடந்துவிட்ட முதல் இடத்தில் பத்திரமாக இருந்தது.

அக்கா குனிந்து பார்த்தார். “அப்ப மூணாவதா இருந்திருந்தா நான் பூட்டிருப்பேனா?”

ஆமாம், உங்கள் பெயரும் அழிந்திருக்கும் என்றேன். கடைசியிலிருந்து எடுத்தால் எதுவும் நகராது என்றும் காட்டினேன். அவர் காய்களை வாங்கி, கூட்டியும் குறைத்தும் தானே செய்து பார்த்தார்.

லேப்டாப்பைத் திறந்து, பெயர்களுக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, பட்டியலை ஒரே அடியில் காலியாக்கும்படி மாற்றினேன். செயலாளர் அழுத்தினார். திரை வெறுமையானது.

அக்கா எழுந்து ஸ்ட்ரைக்கரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். வீட்டுக்குப் போகவில்லை. அவள் பின்னாலேயே நின்று எந்தக் காயை அடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, செயலாளரிடம் திட்டு வாங்கினார்.