கிளெனிஸ் புதுப்பித்த அனுமதி

மலைச்சரிவில் படிப்படியாக வீடுகள் இறங்கும் அந்தத் தென்வேல்ஸ் தெருவில், கிளெனிஸ் பிராசரின் நினைவாற்றலை ஐயுற்றவர் எவருமிலர். பள்ளிச் சமையற்கூடத்தில் பணிசெய்த காலத்தில், எந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது, எதற்குப் பால் ஆகாது என்பதையெல்லாம் நெஞ்சிலேயே வைத்திருந்தவள். ஓய்வுபெற்றபின் தேவாலயப் பாடற்குழுவில் நின்று, பாமாலைப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, கண்ணை மேற்கூரையில் வைத்துப் பாடுவாள். புத்தகம் ஊராருக்காக, பாட்டு அவளுக்குள்ளேயே இருந்தது.

அத்தகையவளின் கார்க் கண்ணாடியில் ஒருநாள் மஞ்சள் உறையொன்று ஒட்டியிருந்தது. குடியிருப்போருக்குரிய அனுமதி இல்லாமல் வண்டியை நிறுத்தியதால் அபராதம் என்றது நகராட்சி.

பழைய அனுமதி காலாவதியானது உண்மை. ஆனால் ஈஸ்டர் கழிந்ததும் தொலைபேசியில் அழைத்து அவள் அதைப் புதுப்பித்திருந்தாள். ஐயமில்லை. ஆயினும் தடயமும் இல்லை. முதியோருக்கு அனுமதி இலவசம், ஆகவே ரசீது இல்லை. கண்ணாடியில் ஒட்டும் சீட்டும் ஒழிந்து எல்லாம் கணினிக்குள் போய்விட்டது.

மகள் செரிஸிடம் தொலைபேசியில் முறையிட்டாள்.

"பண்ணணும்னு நெனச்சிருப்பீங்கம்மா. நெனச்சதையே பண்ணிட்டதா..."

"போனை எடுத்த ஆளு தும்மினான்டி! கூப்பிடாமலா எனக்குத் தும்மல் கேட்டுச்சு?"

"அது போன வருஷத் தும்மலா இருக்கும்மா. சீக்கிரம் கட்டினா பாதிதான், கட்டித் தொலைச்சிருங்க."

"காசு போனாப் போகுது. நான் கூப்பிட்டேனா இல்லையா, அது எனக்குத் தெரியணும்."

இருவர் மனத்திலும் நெஸ்ட்டா நின்றாள். கிளெனிஸின் தமக்கை அவள். பூட்டிய கதவைப் பூட்டவில்லை என்று திரும்பத் திரும்ப வந்து பார்த்ததில் தொடங்கியது அவளது மறதி. இப்போது முதியோர் இல்லத்தில் அமர்ந்து, தங்கையை 'அம்மா' என்றழைக்கிறாள்.

கிளெனிஸ் அபராதத்தை எதிர்த்து எழுதினாள். பதில் வந்தது: இன்ன எண்ணுள்ள வாகனத்திற்கு நடப்பு அனுமதி இல்லை. அவள் கண் 'இல்லை' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. அந்த ஞாயிறன்று, வாழ்வில் முதன்முறையாகப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினாள்.

குழப்பத்துக்கு எண்ணெய் வார்த்தார் எதிர்வீட்டு எம்லின் பெய்னன். ஈஸ்டருக்கு முன் அவள் சிவப்புக் கார் வாங்கியபோது, அவளுடைய பழைய நீலக் காரை எடுத்துக்கொண்டவர் அவரே.

"நான் புதுப்பிக்கவே இல்ல, கிளெனிஸ். என் அனுமதி கிறிஸ்துமஸோட முடிஞ்சிருச்சு. அந்தப் பார்க்கிங் வார்டன் பொண்ணு வந்து வண்டி நம்பரை மிஷின்ல தட்டிப் பாக்குறா, சிரிச்சுக்கிட்டே போயிடுறா. உன் பழைய வண்டி ராசியான வண்டி!"

"பண்ணின எனக்கு அபராதம், பண்ணாத உனக்குச் சிரிப்பா?"

"பண்ணினியா நீ?" என்று வஞ்சகமின்றித்தான் கேட்டார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்தினோமா என்று திரும்பிப் பார்த்தாள். பார்த்ததை எண்ணி அஞ்சினாள்.

மறுநாள் நகராட்சிக்கே அழைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு கண்ணு. ஈஸ்டருக்கு அப்புறம் நான் உங்களைக் கூப்பிட்டேனா?"

"வண்டி நம்பர் சொல்லுங்க, பார்க்கிறேன்," என்றாள் அலுவலகப் பெண்.

கிளெனிஸ் கண்ணை மேற்கூரையில் வைத்து, பாமாலை பாடுவதுபோல் ஒப்பித்தாள்.

"இதுக்கு அனுமதி இருக்கே! ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நீங்களே போன்ல புதுப்பிச்சிருக்கீங்க."

"அப்புறம் எதுக்கும்மா அபராதம்?"

"உங்க பேர்ல இருக்கிற அபராதம் வேற நம்பருக்குல்ல போட்டிருக்கு?"

கிளெனிஸ் சன்னல் வழியே நோக்கினாள். வாசலில் சிவப்புக் கார். எதிரே, எம்லின் வாசலில் நீலக் கார்; சற்றுமுன் அவள் ஒப்பித்த எண் அதன் நெற்றியில் இருந்தது.

"அப்போ நான் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டிருக்கீங்க. ஆனா இந்த வண்டிக்கு இல்ல. அதனால அபராதத்தை ரத்து பண்ண முடியாதுங்க, மன்னிச்சுக்கோங்க."

"பண்ணாதே கண்ணு! பண்ணவே பண்ணாதே!"

தான் சொன்னது விளங்கியதா என்று அப்பெண் மீண்டும் கேட்டாள். அனுமதியைச் சிவப்புக் காருக்கு மாற்றட்டுமா என்றும் கேட்டாள்.

"ஒரு மணி நேரம் பொறு. எதிர்வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூப்பிடுறேன்."

கேட்டதும் எம்லின் நெற்றியைத் தடவினார்.

"அப்போ இத்தனை நாளா நான் உன் தயவுலயா நின்னேன்? ராசின்னுல்ல நெனச்சேன்!"

"ராசி இன்னையோட தீந்துது. போய் உனக்குன்னு ஒரு அனுமதி வாங்கு."

தெருவைக் கடந்து திரும்பியவள் பாதிவழியில் நின்றாள். பழைய எண்ணை மறக்காதது நினைவுதான். வண்டி கைமாறியதை மறந்தது என்ன? இதைச் செரிஸிடம் வெற்றியாகச் சொல்வதா, வேறாகச் சொல்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

சிவப்புக் காரின்முன் நின்று அதன் எண்ணை ஒருமுறை வாசித்தாள். பிறகு அதற்கு முதுகுகாட்டி நின்று, பழகிய பாமாலை மெட்டொன்றில் வைத்துப் பாடிப் பார்த்தாள். நடுவில் ஓரெழுத்து இடறியது.

"யார்கிட்ட பாடுற?" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"சும்மா இரு, எம்லின்," என்றவள் முதலிலிருந்து தொடங்கினாள்.