கேட்கப்படாத நான்காம் கேள்வி

சென்ற மாதம் செஞ்சிப் பேருந்து நிலையத்தில், மீதிச் சில்லறை தந்த நடத்துநருக்கு இடுப்பை வளைத்து வணங்கிவிட்டேன். "இன்னா பெருசு, எதுனா கீழ வுட்டுட்டியா?" என்று அவர் என் காலடியில் குனிந்து தேடத் தொடங்கினார். ஜப்பானின் நாரா நகரில் மகள் வீட்டில் ஆறாண்டுகள் வாழ்ந்தவனின் முதுகு பிறந்த ஊரிலும் தானாகவே வளைகிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை என் தம்பியை இருதய அறுவைச் சிகிச்சைக்குப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்லவிருந்தார்கள். பதினோரு ஆண்டுகளாக நாங்கள் பேசியதில்லை. அவன் என்னை வீட்டுக்குள் அழைப்பானா என்பதுகூட எனக்குத் தெரியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நைனா என்றழைக்கும் அப்பா இறந்தபோது நான் மகனுடன் டொராண்டோவில் இருந்தேன். வரும்வரை காத்திருக்கச் சொல்லி விமானம் ஏறினேன். தம்பி காத்திருக்கவில்லை, தலைமகனாகிய நான் வைக்க வேண்டிய கொள்ளியை அவனே வைத்துவிட்டான். எனக்குச் சாம்பல்தான் மிஞ்சியது. உறக்கம் கெட்ட என்னை மகன் ஓர் உளநல ஆலோசகரிடம் அனுப்பினான். அந்த அம்மையார் எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, "அதில் உங்கள் தம்பி இருப்பதாக எண்ணிப் பேசுங்கள்" என்றார். நாற்காலியைப் போட்டபோதே பெரியவர் எவரோ வந்து அமரப்போகிறார் என்று நான் எழுந்து நின்றிருந்தேன். பின்னர் புதன்கிழமைதோறும் பேசினேன். என் சினத்தின் அடியில் துயரம் இருந்ததை அந்த அறையில்தான் அறிந்தேன். அந்த நன்றி இன்றும் உண்டு. ஆயினும் தம்பியின் மீதான என் வழக்கு வாரந்தோறும் மேலும் கூர்மையாயிற்று.

நாராவுக்கு வந்தபின் மகள் என்னை 'நைகான்' என்னும் அகநோக்குப் பயிற்சிக்கு அனுப்பினாள். ஏழு நாள் ஒரு மூலையில், காகிதத் திரைக்குப் பின்னே அமர வேண்டும். வழிகாட்டி வந்து வணங்கி மூன்றே கேள்விகள் கேட்பார்: தம்பியிடம் பெற்றது என்ன? திருப்பித் தந்தது என்ன? அவனுக்கு நான் கொடுத்த தொல்லை என்ன? அவன் எனக்கிழைத்த தொல்லையைப் பற்றி நான்காம் கேள்வி வருமென்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. மூன்றாம் நாள் நானே அனைத்தையும் கொட்டினேன். அவர் வணங்கி, மீண்டும் மூன்றாம் கேள்வியையே கேட்டார். என் ஆங்கிலம் புரியவில்லை போலும் என்று உரத்த குரலில் முழுவதையும் திரும்பச் சொன்னேன். மீண்டும் ஒரு வணக்கம்; அதே கேள்வி. நான்காம் நாள்தான் நினைவு வந்தது. டொராண்டோவிலிருந்து ஞாயிறுதோறும் மாலை ஓய்வாக நைனாவிடம் பேச அழைப்பேன். செஞ்சியில் அது திங்கள் விடியற்காலை. படுக்கையில் கிடந்தவரைத் தம்பி தூக்கி உட்கார வைத்து, வாய் துடைத்து, தொலைபேசியைக் காதில் பிடித்திருப்பான். இரண்டாண்டுகள்.

அந்த விடைகளைத்தான் செஞ்சிக்குச் சுமந்து சென்றேன். கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் இருந்த தம்பி, "வா" என்று மட்டும் சொன்னான். நின்றபடியே என் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அவன் முகம் இறுகியது.

"இன்னாண்ணா இது? நா செத்துடுவேன்னு முடிவே பண்ணிட்டியா? எல்லாத்தயும் சொல்லி முடிச்சிட்டுப் போவலாம்னு வந்தியா?"

"இல்லடா, எம்மேலயும் தப்பு..."

"அத யாரு கேட்டா? என்னத் திட்டு. பதினோரு வருசமா நீ வந்து திட்டுவேன்னு காத்துக்குனு இருக்கறேன். நீ இன்னாடான்னா கும்புடு போட்டுக்குனு நிக்கிற!"

காலி நாற்காலியிடம் அத்தனை முறை சொன்னது, அவன் முன்னால் வர மறுத்தது. கடைசியில் வாய் திறந்தேன். "நைனா முகத்த ஏன்டா எனக்குக் காட்டல?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "ஐஸ் பெட்டில வச்சிருந்தோம். அன்னிக்குப் பூரா கரண்ட் இல்ல. சித்திர மாச வெயிலு. சாயங்காலம் பாத்தா அது நைனா முகமாவே இல்லண்ணா. அத நீ பாக்கக் கூடாதுன்னுதான்..."

"சொல்லியிருக்கலாமேடா."

"நீ கேக்கவே இல்லியே."

மறுநாள் காலை கோட்டை மலையின் நிழல் தெருவை விட்டு விலகுமுன் வண்டி வந்தது. அவனைப் பின்னிருக்கையில் ஏற்றினார்கள். ஓட்டுநர் வண்டியை முடுக்கியதும் என் முதுகு நாராவில் பழகியபடி ஆழமாக வளைந்தது. "கைய எடு பெரியவரே, வண்டி எடுக்கணும்" என்று ஓட்டுநர் சொன்ன பிறகே கவனித்தேன். தலை குனிந்து விடைகொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் வலக்கை கதவைப் பிடித்திருந்தது. அவர் சொன்ன பிறகும் அது விடவில்லை.