பஸ் தரிப்பிடத்து வீட்டுக்காரர்

விடத்தல்தீவு பஸ் நிற்கும் தரிப்பிடத்தில், நரைத்த தாடியோடு வீடற்ற ஒருவர் படுத்திருப்பார். அமைச்சர் வருகிறார், அதற்குள் ஆளை அங்கிருந்து எழுப்பிவிட வேண்டும் என்று பிரதேச சபை என்னை அனுப்பியது.

தரிப்பிடத்துப் படியடியில் அவருடைய செருப்புகள் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அதைக் கண்டதும் என்னை அறியாமலே நானும் சப்பாத்தைக் கழற்றினேன். அதோடு என் அதிகாரம் முடிந்தது.

"வாங்கோ ஐயா, இருங்கோ," என்றார். இருந்தேன்.

"சபையில இருந்தோ வாறீங்கள்? நல்லதாப் போச்சு. மழை வந்தா இந்த மூலை ஒழுகுது. ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

"ஓம், சொல்லுறன்."

சபைக் கந்தோரில் தலைவர் கேட்டார்: "ஆளை எழுப்பிப்போட்டீரோ?"

"கூரை ஒழுகுதாம்," என்றேன்.

மறுநாள் சப்பாத்தைக் கழற்றாத ஒருவரை அனுப்பினார்கள். தாடிக்காரர் அதன்பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது. கூரை இன்னும் ஒழுகுகிறது. சப்பாத்தோடு அந்தப் படியில் ஏற எனக்கு இன்னும் கால் கூசுகிறது.